தண்ணீரா, மாவா, அரிசியா: வீட்டில் சென்சரி விளையாட்டை எதில் தொடங்கலாம்?

ஒன்றரை வயதுக் குழந்தை. வீட்டில் பெரியவர் ஒருவர்தான். கிடைப்பது அரை மணி நேரம். இந்த நிலையில் 'சென்சரி ப்ளே', அதாவது புலன்களைத் தூண்டும் விளையாட்டு, என்று தேடினால் வண்ண அரிசி, நுரை, மணல், பிசைமாவு, ஜெல்லி உருண்டை என்று யோசனைகள் வந்து குவியும். படத்தில் எல்லாமே அழகாக இருக்கும். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதுக்கு ஒரு கூடை நிறைய வீட்டுப் பொருட்கள் போதும். ஒரு வயது தாண்டியதும் தண்ணீர். அடுத்தது, அடுப்பில் வைத்துக் கிளறிய பிசைமாவு. அரிசி, மணல் போன்ற உலர்ந்த பொருட்கள் அதற்குப் பிறகு. கொழகொழவென்று ஒட்டுகிற வகைகள் கடைசி.

இந்த வரிசைக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: இன்று விரித்ததை நாளையும் விரிக்க எனக்குத் தெம்பு இருக்குமா? பெரியவரின் வசதிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. குழந்தை ஒரு கோப்பைத் தண்ணீரை இன்னொரு கோப்பையில் ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். முப்பது முறை ஊற்றும். மறுநாள் வந்து அதையே திரும்பச் செய்யும். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு விழும், எப்போது நிறுத்தினால் வழியாது என்பதெல்லாம் அந்த முப்பது முறையில்தான் கைக்கு வருகிறது. ஒரு நாள் முழுக்க உழைத்து அலங்காரமாக ஒன்றை அமைத்துவிட்டு, சுத்தம் செய்த களைப்பில் அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதைவிட, வாரத்தில் நான்கு நாள் ஒரு டப் தண்ணீர் வைப்பது குழந்தைக்கு எவ்வளவோ மேல்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். சென்சரி என்றதும் கையால் தொடுவது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. பார்வை, கேட்டல், மணம், சுவை, தொடுதல் ஆகிய ஐந்தோடு உடலின் சமநிலையை உணரும் புலனும், தசையும் மூட்டும் எங்கே எப்படி இருக்கின்றன என்பதை உணரும் புலனும் உண்டு. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) ஜீன் அயர்ஸ் அழுத்திச் சொன்னது இந்தக் கடைசி இரண்டையும் தொடுதலையும்தான். அதனால் துணிக்கூடையில் துணியை நிரப்பித் தள்ளச் சொல்வது, தலையணைக் குவியலில் ஏறிக் குதிக்க விடுவது, போர்வையில் சுற்றி உருட்டுவது எல்லாமே சென்சரி விளையாட்டுதான். இவற்றில் துடைக்க, கூட்ட எதுவுமே இல்லை. எதையும் விரிக்க முடியாத அளவுக்கு அசதியாக இருக்கும் நாளில் இதைச் செய்யுங்கள். அந்த நாளில் குழந்தைக்கு எதுவும் குறைந்துபோவதில்லை.

வாயில் வைக்கும் வயது

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை குழந்தைக்கு வாய்தான் முதல் ஆராய்ச்சிக் கருவி. உதடும் நாக்கும் தொடுவுணர்வு மிகுந்த இடங்கள். ஒரு பொருளை வாயில் வைக்காதே என்று தடுத்தால் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாதே என்று சொல்வது போல ஆகிவிடும். ஆகவே இங்கே கேள்வி, எதை வாயில் வைத்தால் பரவாயில்லை என்பதுதான்.

பலரும் இதற்குத் தேர்ந்தெடுப்பது 'சாப்பிட்டாலும் ஆபத்தில்லை' வகைப் பொருட்கள்: மசித்த பழம், நன்றாக வெந்த பாஸ்தா, தயிரில் நிறம் கலந்து தட்டில் பூசுவது. இவை மோசமில்லை. ஆனால் பத்தே நிமிடத்தில் குழந்தையும் தரையும் குளிக்க வேண்டிய நிலை வந்துவிடும். அதோடு, சாப்பாடு எது, விளையாட்டு எது என்ற கோடும் கொஞ்சம் மங்கும். சில வீடுகளில் அது பிரச்சினையே இல்லை. சில வீடுகளில் உணவை வைத்து விளையாட மனசு ஒப்பாது. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தைக் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட் பரப்பிய புதையல் கூடை. கைப்பிடி இல்லாத, சுலபத்தில் கவிழாத, தாழ்வான ஒரு கூடை. அதில் மரக்கரண்டி, உலோகக் கரண்டி, தேங்காய் நார் பிரஷ், பெரிய வழுவழுப்பான கல், தோல் பர்ஸ், வெல்வெட் துண்டு, கார்க் மூடி, கம்பளிப் பந்து என்று விதவிதமான பொருட்கள். அவர் பிளாஸ்டிக்கைச் சேர்க்கவில்லை. காரணம் எளிமையானது. பிளாஸ்டிக் பொம்மைகள் பத்து இருந்தாலும் கைக்கும் நாக்குக்கும் அவை கிட்டத்தட்ட ஒன்றேதான். உலோகம் குளிர்கிறது, மரம் குளிர்வதில்லை, கல் கனக்கிறது, கம்பளி காற்றுபோல் இருக்கிறது. உட்காரத் தெரிந்து, இன்னும் தவழாத குழந்தைக்கு இந்தக் கூடை ஒரு முழு உலகம். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் எடுத்துக்கொடுக்கவோ 'இது கரண்டி, இது கல்' என்று சொல்லிக்கொண்டே இருக்கவோ கூடாது. எதை எடுப்பது என்று குழந்தை தானே முடிவு செய்வதில்தான் அதன் ருசி இருக்கிறது.

கூடையில் எது இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 3.2 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடும் என்று கொள்கிறார்கள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டை உருளையைப் பயன்படுத்தலாம். அது இதைவிடச் சற்று அகலம் என்பதால் நாம் இன்னும் பாதுகாப்பான பக்கம் இருப்போம். அதற்குள் நுழையும் எதுவும் கூடையில் வேண்டாம், கார்க்கும் கல்லும் உட்பட. உருண்டையான பொருள் என்றால் இன்னும் கவனம். பந்து வடிவம் தொண்டையை முழுமையாக அடைக்கும் என்பதால் சிறு பந்துகளுக்கு 4.4 செ.மீ. வரை தனியான அளவு இருக்கிறது. நீளமான கயிறு, ரிப்பன் வேண்டாம். வாரம் ஒரு முறை பொருட்களைக் கழுவி, பிசிறு, விரிசல் பார்த்து, இரண்டு மூன்றை மாற்றினால் கூடை புதிதாகிவிடும். சுத்தம் செய்யும் வேலை என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் குறைவு.

தண்ணீர்

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலான பட்டியல்களில் இது ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. சாதாரணமாகத் தெரிவதால் மதிப்பில்லாமல் போய்விட்டது.

ஓர் அகலமான டப், அதில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், கீழே ஒரு பழைய டவல், இரண்டு கோப்பைகள். தொடக்கத்துக்கு இவ்வளவுதான். சில நாள் கழித்து ஒரு வடிகட்டி. அப்புறம் ஒரு புனல். அதன் பிறகு ஸ்பாஞ்ச், அதைப் பிழிவது விரல்களுக்கு நல்ல வேலை. இன்னொரு நாள் மிதப்பதும் மூழ்குவதும்: மர மூடி, கரண்டி, ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சு தோலோடு மிதக்கும், உரித்தால் பெரும்பாலும் மூழ்கும். தோலுக்குள் காற்று இருப்பதுதான் காரணம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது ஒரு வாரத்துக்கான ஆச்சரியம். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டப், குளிர்ந்த தண்ணீர் ஒரு டப் என்று பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னொரு நாள். நிறமூட்டிய பனிக்கட்டி இன்னொரு நாள். ஆனால் சின்னத் துண்டாக இருந்தால் பனிக்கட்டியும் தொண்டையில் அடைக்கும். கிண்ணத்தில் உறைய வைத்த பெரிய கட்டியே நல்லது.

இப்படி ஒரே பொருள் ஒரு வயதுக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை கூடவே வளர்கிறது. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே சொன்ன பிரபலமான சோதனை நினைவிருக்கலாம்: அகலமான பாத்திரத்திலிருந்து குறுகலான உயரமான பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றினால், ஏழு வயதுவாக்கில்தான் பெரும்பாலான குழந்தைகள் 'அளவு அதேதான்' என்கிறார்கள். அதுவரை உயரமான பாத்திரத்தில் அதிகம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். அந்தத் தெளிவை நாம் சொல்லிக்கொடுத்துக் கொண்டுவர முடியாது. ஊற்றி ஊற்றிப் பார்த்த கைக்கு அது ஒருநாள் தானாக வரும்.

சுத்தம் செய்வது? டவலைப் பிழிந்து காயப்போட்டால் முடிந்தது. தரை முன்பைவிடச் சுத்தமாக இருக்கும்.

தண்ணீரின் ஆபத்து ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய ஆபத்து. சின்னக் குழந்தை 5 செ.மீ. ஆழத்தில்கூட மூழ்கிவிடும். முகம் நனையும் அளவு தண்ணீர் போதும். சத்தம் கேட்கும், ஓடிவந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கும். ஆகவே தண்ணீர் வைத்தால் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காலிங் பெல் அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விளையாட்டு முடிந்த அந்த நிமிடமே டப்பைக் கவிழ்த்துவிட வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் விளையாட்டு வைக்காதீர்கள். அன்றைக்கு உங்களால் முழுக் கவனம் தர முடியாது என்றால் அன்று மாவை எடுங்கள்.

பிசைமாவும் கொழகொழ வகைகளும்

ஒரு கப் மைதா அல்லது கோதுமை மாவு, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டு வரும்வரை கிளறி, ஆறிய பிறகு பிசைந்தால் மிருதுவான மாவு கிடைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சில வாரங்கள் தாங்கும். அழுத்தலாம், உருட்டலாம், கிள்ளலாம், கத்தரிக்கோல் பழகலாம். பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதைவிட இதமான பயிற்சியை நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, கீழே விழுந்த துணுக்குகளை மாவு உருண்டையாலேயே ஒற்றி எடுத்துவிடலாம்.

சமைக்காத மாவு வேகமாகத் தயாராகும், அடுப்பும் வேண்டாம். ஆனால் மாவு என்பது பச்சைப் பொருள். தானியத்தில் ஒட்டிய கிருமி அரைத்ததால் சாவதில்லை. 2016இல் அமெரிக்காவில் மாவு மூலம் இ.கோலி தொற்று பரவியபோது, பச்சை மாவைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் எச்சரித்தார்கள். ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக அதை எடுக்க எனக்கு மனமில்லை. கிளறிய மாவுக்கும் ஒரு குறை உண்டு: உப்பு. ஒரு கடி கடித்தால் குழந்தையே துப்பிவிடும். ஆனால் ஒரு கட்டியை விழுங்கினால் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தாக ஏறலாம். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் இதே ஆபத்துதான். எல்லாவற்றையும் வாயில் போடும் பழக்கம் குறைந்த பிறகு, அதாவது பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி, இதைத் தொடங்குங்கள்.

கொழகொழ வகையில் மதிப்புள்ளது சோள மாவும் (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கிடைக்கும் வெள்ளை மாவு) தண்ணீரும்தான். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். ஓங்கித் தட்டினால் கெட்டியாக நிற்கும், மெதுவாக விரலை வைத்தால் உள்ளே போகும். வேகமாக அழுத்தும்போது மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்கின்றன. மெதுவாக என்றால் நடுவில் இருக்கும் தண்ணீர் வழிவிடுகிறது. மூன்று நான்கு வயதுக்கு மேல் இது அபாரமான விளையாட்டு. ஆனால் முடித்ததும் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். காயவிட்டு, பொடியாக உதிர்த்து, குப்பையில் போடுங்கள். இந்தக் காத்திருப்பும் உதிர்ப்பும்தான் இதைக் கடைசிக்குத் தள்ளியது.

ஸ்லைம் வேறு கதை. பசையோடு போராக்ஸ் என்ற வேதி உப்பைக் கலந்து செய்கிற முறை நிறைய இடங்களில் சொல்லப்படுகிறது. போராக்ஸ் தோலையும் கண்ணையும் எரிச்சலூட்டும், விழுங்கினால் நஞ்சு. போராக்ஸில் உள்ள போரான் என்ற தனிமம் பொம்மையிலிருந்து எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் கையளவாகப் போட்டுக் கலக்கும்போது அப்படிப்பட்ட வரம்பு எதுவும் இல்லை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம். ஷேவிங் ஃபோமும் அப்படித்தான். கண்ணில் பட்டால் எரியும், அது வாய்க்கான பொருளும் இல்லை. நுரைதான் வேண்டும் என்றால் வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீரைக் கலக்கி அடித்தாலே கெட்டியான நுரை வரும்.

அரிசி, பயறு, மணல்

படங்களில் அதிகம் வருவது இதுதான். அள்ளும்போது எழும் சத்தம், விரலிடுக்கில் வழுகும் சுகம் எல்லாம் உண்மை. என் வீட்டில் செய்து பார்த்தபோது தட்டில் விளையாடியது எட்டு நிமிடம், கூட்டி அள்ளியது இருபது நிமிடம். மறுவாரமும் சோபாவுக்கு அடியிலிருந்து அரிசி வந்துகொண்டிருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அள்ளுவதைவிட எறிவதுதான் இயல்பு. மூன்று வயதில் அதே தட்டைக் கொடுத்தபோது என் மகள் அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடினாள். பொருள் ஒன்றுதான். மாறியது வயது.

அரிசிக்கும் பயறுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது என்றால் அரிசி. பயறும் பீன்ஸும் மூக்கிலோ காதிலோ போனால் அங்கிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். அப்புறம் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சிவப்பு கிட்னி பீன்ஸை வேகவைக்காமல் தின்றால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அரிசியும் மூச்சுக்குழாய்க்குள் போகாது என்று சொல்ல முடியாது. மூன்று வயது வரை பொறுப்பதே நல்லது.

மணலுக்கு வெளியிடம் வேண்டும். கட்டட வேலைக்கான மணலில் நுண்ணிய சிலிக்கா தூசு பறக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. விளையாட்டுக்கென்று கழுவி விற்கும் மணலை வாங்கி, லேசாக ஈரப்படுத்தி வைத்தால் தூசும் எழாது, கோபுரமும் நிற்கும். இரவில் மூடி வையுங்கள். மூடாவிட்டால் பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும், அதில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். வீட்டுக்குள்தான் இடம் என்றால் கைனெடிக் சாண்ட் இருக்கிறது: 98 சதவீதம் மணல், 2 சதவீதம் சிலிகோன் எண்ணெய். சிதறாது, காயாது. காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

ரெடிமேட் கிட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே தட்டில் வண்ண அரிசி, மிருக பொம்மை, மினுமினுப்பு, பஞ்சு உருண்டை, மரக்கரண்டி என்று பத்தையும் திணித்திருப்பார்கள். 1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் திறந்த மரியா மாண்டிசோரி இதற்கு நேர் எதிராக யோசித்தார். அவரது இளஞ்சிவப்புக் கோபுரத்தில் எல்லாக் கட்டைகளும் ஒரே நிறம், ஒரே வடிவம், அளவு மட்டும்தான் வேறு. அப்போதுதான் குழந்தையின் கவனம் அளவில் போய் நிற்கும். உங்கள் டப்பிலும் ஒரு நேரத்தில் ஒரு பொருள், இரண்டு கருவிகள் போதும்.

எக்காரணம் கொண்டும் வேண்டாம் என்பது

தண்ணீரில் போட்டால் ஊறிப் பெரிதாகும் ஜெல்லி உருண்டைகள், அதாவது வாட்டர் பீட்ஸ். காய்ந்த நிலையில் கடுகு அளவு, மிட்டாய் போன்ற நிறம். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும்: ஊறிப் பருத்துக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவை இருக்கவே கூடாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. தரையில் உருண்டு ஓடிய ஒன்று ஒரு மாதம் கழித்துத் தவழும் தம்பியின் கையில் கிடைக்கலாம். 'பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்' என்பது இந்த ஒரு பொருளுக்குப் போதாது. வெளிச்சப் பலகை (அடியிலிருந்து ஒளி வரும் விளையாட்டுப் பலகை) வைப்பவர்கள், விளக்கில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

தொடவே மறுக்கும் குழந்தைக்கு

இந்த ஒப்பீடு முழுவதும் குழந்தை ஆசையாகக் கையை விடும் என்று எண்ணி எழுதியது. சில குழந்தைகள் ஈரத்தைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்ளும். என் மகள் அப்படித்தான். அந்தக் கையைப் பிடித்து உள்ளே அழுத்துவது மிகப் பெரிய தவறு. மறுநாள் அவள் அந்தத் தட்டின் பக்கமே வரமாட்டாள். இப்படிப்பட்ட குழந்தைக்கு என் வரிசையையே மாற்றிக்கொள்ளுங்கள்: மூன்று வயது ஆகியிருந்தால் உலர்ந்தது முதலில், ஆனால் சின்ன அளவில், கரண்டியோடு. பிறகு தண்ணீர், அதுவும் கரண்டியோடு. ஒட்டும் பொருளை ஜிப் பைக்குள் அடைத்து, ஓரத்தில் டேப் போட்டு மேசையில் ஒட்டிக் கொடுத்தால் கை நனையாமலே அழுத்திப் பார்க்கலாம். பக்கத்தில் ஈரத் துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும், வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். உடை உடுத்துவது, சாப்பிடுவது, தலை சீவுவது எல்லாமே தினமும் போராட்டமாக இருந்தால் குழந்தை நல மருத்துவரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடமோ பேசுங்கள்.

என் மகள் சோள மாவுக் கரைசலை முதல் இரண்டு வாரம் ஒரு குச்சியால் மட்டும் குத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் பிசைந்துகொண்டிருந்தேன், அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் ஆள்காட்டி விரல் நுனியை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். துணியில் துடைத்தாள். மறுபடியும் வைத்தாள்.